என் மாடியில் ஏறாத உன் படம்

தினேஷ்,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. உங்கப்பா மூலமாகச் சொல்லி அனுப்பலாம் என்றால் அந்த மனுஷன் என் பேச்சில் இருக்கிற உப்பையும் காரத்தையும் எடுத்துவிட்டு உனக்குப் பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போடுகிறார். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். உன் படத்தை ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய் இல்லையா, அதை நான் ஏன் என் மாடியில் ஏற்றவில்லை என்பதையும் ஊர் படித்துவிட்டுப் போகட்டும். தையில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் இது நம் இருவருக்கும் நடுவில் பேசி முடிய வேண்டும். பேசி முடிப்பது என்றால் நான் இறங்கி வருவேன் என்று அர்த்தமில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்து போகாதே.

படிக்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். சிதம்பரம் தெற்கு வீதியில் நம் கடை. கீழே ரெடிமேட், மாடியில் பிளவுஸ் தைக்கிற பெண்கள், அதற்கும் மேலே மொட்டைமாடியில் விளம்பர போர்டு மாட்டுகிற இரும்புச் சட்டம். நீ சென்னையில் இருக்கிறாய். துணிக்கும் நகைக்கும் விளம்பரப் படம் எடுக்கிறாய். பெரிய பட்டுக் கம்பெனி ஒன்று கல்யாணப் பட்டுக்குப் படம் எடுக்க உன்னைப் பிடித்தது. அந்தச் சேதியைச் சொல்ல நீ போன் செய்தபோது நான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். வந்த வாடிக்கையாளர் என்னமோ ஏதோ என்று பயந்து போய்விட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் தொழிலைப் பிடிக்காமல் நான் பேசுகிறேன் என்று உன் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறாயாமே. அது பொய். உனக்கே தெரியும் பொய் என்று.

ஆவணியில் ஒரு பார்சல் அனுப்பினாய். பிரித்தால் பழுது விழுந்த பட்டுச் சேலைகள். ஒன்றில் சாயம் ஓடியிருந்தது, ஒன்றில் ஜரிகை பிரிந்திருந்தது. மூட்டை மாதிரித் தைத்து ஒரு பக்கம் வாய் திறந்து விடும்மா, ஷூட்டிங்குக்கு வேணும் என்று வாய்ஸ் மெசேஜ். நான் பொங்கல் விளம்பரம் போலிருக்கிறது, நெல் மூட்டையைப் பட்டில் காட்டப் போகிறான், பரவாயில்லையே பிள்ளைக்கு மூளை என்று நினைத்துக்கொண்டு மாடிக்குக் கொடுத்துவிட்டேன். பெண்கள் ஒரே சிரிப்பு. பட்டுல கோணி தைக்கிற காலம் வந்துடுச்சே, அடுத்து ஜரிகை வச்சு மிதியடி தைக்கச் சொல்லுவாங்க என்று ஒருத்தி சொன்னாள். ஏழெட்டு மூட்டை தைத்து முடித்த சமயத்தில் வாயில் கயிறு கோக்க மடிப்பு வைக்கணுமா என்று ஒரு சந்தேகம் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு உன்னைக் கூப்பிட்டேன். இதுக்குள்ள என்னடா போடப் போற என்று கேட்டேன். மணல்மா, பங்கர் மாதிரி செட் போடுறோம் என்றாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

ஜன்னல் ஓரத்து மெஷின் நின்றது. தவமலர் காலை எடுத்துவிட்டாள். தவமலர் என்பது அவள் உண்மைப் பெயர் இல்லை. உனக்குத் தெரியும் யார் என்று, ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் தனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் பெயராம், இந்தக் கடிதத்துக்காக அவளே எடுத்துக் கொடுத்தாள். நீ அவள் பெயரைச் சொன்ன இடத்திலும் அதையே மாற்றிப் போட்டிருக்கிறேன். வன்னியிலிருந்து படகேறி வந்து, இந்த மாவட்டத்து முகாம் ஒன்றில் குடியிருந்துகொண்டு, தினமும் பஸ் பிடித்து நம் கடைக்கு வருகிறவள். கையில் இருந்த மூட்டையை மடியில் வைத்து ஜரிகையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எங்கட அம்மா தன்ர கூறைச் சீலையத்தான் அக்கா கடைசியா வெட்டினவ."

அங்கே போர் முடிகிற கடைசி மாதங்களில் சனங்கள் இடம் மாறி இடம் மாறி ஓடி, போன இடத்திலெல்லாம் குழி தோண்டி, அதைத்தான் பங்கர் என்பார்கள், உள்ளே இருந்தார்கள். குழியைச் சுற்றி அடுக்க மண் மூட்டை வேண்டும். சாக்கு தீர்ந்து போனது. பெண்கள் தங்கள் சேலைகளை வெட்டி மூட்டை தைத்தார்கள். முதலில் வீட்டில் கட்டுகிற சேலை, பிறகு கோயிலுக்குக் கட்டுகிற சேலை, கடைசியில் தாலி கட்டும்போது உடுத்திய கூறைச் சேலை. பிள்ளைகளைக் காப்பாற்றுகிறதென்றால் எந்தத் தாய் பட்டு என்று பார்ப்பாள்? அந்தக் குழிக்குள் பிறகு என்ன நடந்தது என்பதையும் தவமலர் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதை இங்கே எழுதியிருந்தேன். எழுதியதை முழுக்க அவளுக்குப் படித்துக் காட்டியபோது அந்த இடத்தை எடுத்துவிடுங்கோ என்றாள், எடுத்துவிட்டேன். அவள் தம்பியைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதையும் வேண்டாம் என்றாள், அதுவும் போய்விட்டது. வேண்டாம் என்று அவளால் சொல்ல முடிந்த இடங்கள் இருந்ததால்தான், மிச்சத்துக்கு அவள் தலையாட்டியதை நான் நம்புகிறேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள். கடிதத்தின் கடைசியில் இதற்கு வேலை இருக்கிறது.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டேன். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "தவா அக்கா சொன்னதுதாம்மா. காலேஜ் படிக்கிறப்ப. மனசை வுட்டுப் போகவே இல்ல" என்றாய். சரி. மனசை விட்டுப் போகாதது நல்ல விஷயம்தான். மதியச் சோற்றில் அவள் மீன் குழம்பைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டே நீதான் தோண்டித் தோண்டிக் கேட்டாய், அவளும் உன் முகத்தைப் பார்த்து, ஆசையாகக் கேட்கிற பிள்ளைதானே என்று நம்பிச் சொன்னாள். ஒருத்தி சோற்றுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து உனக்குச் சொன்ன சங்கதியை நீ சேலை விற்கிறவனிடம் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். வேணாம்டா, வேற ஏதாவது செய் என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். பார்க்கிறேன்மா என்றாய். மீதி மூட்டைகளைச் சென்னையிலேயே யாரிடமோ கொடுத்துத் தைத்துக்கொண்டாய்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் கொண்டு வந்து செட் போட்டாய். நான் பிறந்த ஊர், உன் பெரியம்மா இன்னும் இருக்கிற ஊர். தினேஷ் ஷூட்டிங் எடுக்கிறான் என்று பெரியம்மா பெருமை தாங்காமல் உங்கள் ஆட்களுக்கெல்லாம் டீயும் வறுத்த மீனும் தூக்கிக்கொண்டு வந்தாளாம். குழந்தைகள் தலையில் கை வைத்துக் குனிந்து உட்கார, ஒருத்தர் மெஷினில் புகை விட, இன்னொருத்தர் ஒரு பிள்ளையிடம் இன்னும் கொஞ்சம் பயப்படு செல்லம் என்று சொன்னதைப் பார்த்தவள் டம்ளர்களைக்கூடத் திரும்ப வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள்.

படம் வந்தது. வாட்ஸ்அப்பில், ஞாயிற்றுக்கிழமை காலை, நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது. உங்கப்பா போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். அரக்குப் பட்டு கட்டின பெண், தலை நிறைய மல்லிகை, கன்னத்தில் மட்டும் அழகாக ஒரு கரிக்கோடு. பட்டு மூட்டைகள் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் புகை, புகைக்குள் மங்கலாக அந்தப் பிள்ளைகள். கீழே எழுத்து: ‘எல்லாம் போனாலும் பட்டு நிற்கும்.’ அதற்கும் கீழே கம்பெனி பெயர். சினிமா மாதிரி இருக்குல்ல என்றார் உங்கப்பா. உண்மையைச் சொல்கிறேன் தினேஷ், நல்ல படம். வெளிச்சம் அப்படி விழுந்திருந்தது, அந்தப் பெண்ணின் கழுத்து அப்படித் திரும்பியிருந்தது. மோசமான படமாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. பார்த்த உடனே எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? இந்த அரக்கு நம் கடைக்கு வருமா, பார்டர் எவ்வளவு அகலம் என்றுதான் ஓடியது. கதை முழுக்கத் தெரிந்த எனக்கே அப்படி என்றால், தெரியாதவர்களுக்குக் கேட்கவா வேண்டும்? நீ என் கண்ணைப் பிடித்து அந்தப் பிள்ளைகளிடமிருந்து பார்டருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாய். அதுதான் உன் வேலை, அதைத் திறமையாகச் செய்திருக்கிறாய். அந்தத் திறமையைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

நீ சொன்ன நியாயங்களை நான் மறக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறேன், நான் திரித்துச் சொன்னேன் என்று வேண்டாம். அது தவா அக்கா ஒருத்தருடைய கதை இல்லை, ஒரு சனத்தின் வரலாறு என்றாய். சரிதான். வரலாறு என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், படம் எடுக்கலாம், பாடம் நடத்தலாம். அதை விலைச்சீட்டில் அச்சடிக்கலாமா என்பதுதான் என் கேள்வி. பிறகு, "சனங்க மறந்துட்டாங்கம்மா, நான் ஞாபகப்படுத்துறேன்" என்றாய். ஞாபகப்படுத்துகிறவன் அந்த ஊர் பெயரை எங்காவது ஒரு மூலையில் போட்டிருப்பான் இல்லையா? உன் படத்தில் ஊர் இல்லை, வருஷம் இல்லை, குண்டு போட்டவன் இல்லை, செத்தவன் இல்லை. மூட்டையும் புகையும் மட்டும் இருக்கிறது. எந்த நாட்டுச் சண்டை என்றுகூட யாருக்கும் தெரியாது. கம்பெனிக்கும் அதுதான் வசதி. ஊர் பெயர் போட்டால் சேலை விற்காது.

போரைப் படம் எடுக்கவே கூடாது என்று நான் சொன்னதாக உங்கப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். எப்போது சொன்னேன்? எடுக்க வேண்டும். குண்டு விழுகிற இடத்துக்குப் போய் நிற்கிறவன் கையில் கேமரா இருக்க வேண்டும், பேப்பரில் அது வர வேண்டும், நம் காலைக் காபி கசக்க வேண்டும். உனக்குத் துணிச்சல் இருந்தால் போ. நான் கோயிலில் தீபம் ஏற்றிக்கொண்டு வயிற்றில் நெருப்போடு உட்கார்ந்திருப்பேன், ஆனால் போகாதே என்று சொல்லமாட்டேன். நீ செய்தது அது இல்லை. பாதிப் படம் ஒரு கல்யாணப் பெண், பாதிப் படம் சாவு, பார்க்கிறவன் இரண்டையும் சேர்த்து ஒரு பட்டுச் சேலையாக வாங்கிக்கொண்டு போகிறான்.

அப்போதுதான் என் வாயை அடைக்கிற மாதிரி ஒன்று கேட்டாய். "நீ கடையில மிலிட்டரி டிசைன் பேன்ட் விக்கலையா? சின்னப் பசங்களுக்குத் துப்பாக்கி படம் போட்ட பனியன் விக்கலையா?" விற்கிறேன். புவனகிரியில் இருந்தெல்லாம் பையன்கள் அதைக் கேட்டுத்தான் வருகிறார்கள், பெரிய சைஸ் சீக்கிரம் தீர்ந்து போகிறது. இரண்டு நாள் யோசித்தேன். துப்பாக்கி பனியனை உள்ளே எடுத்துவைத்துவிட்டேன். பச்சைப் புள்ளி மிலிட்டரி பேன்ட் இன்னும் தொங்குகிறது, அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. எல்லை எங்கே என்று எனக்கு எல்லா இடத்திலும் தெரியவில்லை என்பதற்காக, தெரிகிற இடத்தில் நான் கோடு போடக்கூடாது என்று நீ சொல்லமுடியாது. தவமலரின் அம்மாவுடைய கூறைச் சேலை இருக்கிற இடம் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

உனக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. கடல் ஊருக்குள் வந்த அந்த வருஷம் நீ சின்னப் பிள்ளை. பெரியம்மாவின் கடைசிப் பெண் கடலோடு போய்விட்டாள். பெரியம்மா மணலில் உட்கார்ந்து அவளுடைய மஞ்சள் கவுனை மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்ததை ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். பேப்பரில் வந்தது. எங்கிருந்தெல்லாமோ அரிசியும் போர்வையும் வந்து இறங்கியது. அந்தப் படத்தை நானோ உன் பெரியம்மாவோ இன்றுவரை குறை சொன்னதில்லை. மறு வருஷம் அதே படம் ஒரு காலண்டரில் வந்தது. கடலூரில் குழந்தைகள் துணி விற்கிற கடை ஒன்றின் காலண்டர். மேலே பெரியம்மா, மடியில் கவுன், கீழே ‘புன்னகை திரும்பும்’ என்று எழுத்து, அதற்குக் கீழே கடைப் பெயரும் பன்னிரண்டு மாசமும். பெரியம்மா யார் வீட்டுக்கோ மாவு அரைக்கப் போனவள், சுவரில் தன்னையே பார்த்துவிட்டு மாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். "ஏண்டி, நான் அவன் கடைக்காகவாடி அழுதேன்?" என்று என்னைக் கேட்டாள். நான் காலில் செருப்பு மாட்டினேன்.

உன்னையும் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கடைக்குப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? முதலாளி மரியாதையான ஆள். உட்காரச் சொன்னார், உனக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுத்தார், நீ குடிக்கவில்லை. "உங்களுக்காகத்தாம்மா போட்டோம். சனங்க மறந்துடக் கூடாதுன்னுதான்" என்றார். கெட்ட எண்ணம் அவருக்கு இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கடைச் சுவரில் தொங்கியதை நானே கழற்றினேன், கல்லா அடியில் இருந்த மீதிக் காலண்டர் கட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் நீதான் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, படம் வெளியே தெரியாமல் திருப்பிப் பிடித்துக்கொண்டு வந்தாய். நான் சொல்லவில்லை, நீயாகத் திருப்பினாய். ஊரெல்லாம் கொடுத்துவிட்ட காலண்டர்களை எங்களால் பிடுங்க முடியவில்லை. அந்த வருஷம் முடிகிறவரை பெரியம்மா யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. இப்போது நீ எனக்குச் சொல்கிற பதில் அந்த முதலாளி சொன்ன பதில். எழுத்துப் பிசகாமல் அதே பதில்.

இந்த வருஷத்துக்கு வருகிறேன். மார்கழித் தேர் நெருங்கியது. தேருக்கும் தரிசனத்துக்கும் ஊரே வழிகிற சமயம், கம்பெனிக்காரர்கள் சிதம்பரத்தில் புதுக் கிளை திறக்கிறார்கள், தெற்கு வீதியில் எல்லார் கண்ணும் படுகிற இடம் நம் மாடிச் சட்டம். அம்மா கடை மேலே மகன் எடுத்த படம் என்று நீயே ஆசையாகச் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறாய். ஒருநாள் காலையில் சுருட்டின விளம்பரத் துணியோடு ஆட்கள் வந்து ஏணி சாத்தினார்கள். நான் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தேன். மானேஜர் போன் செய்து பேசினார், பிறகு நேரில் வந்தார், இனிமேல் உங்கள் மகனுக்கு எங்களிடம் வேலை இருக்காதே என்று வருத்தமாகச் சொன்னார். வருத்தமா மிரட்டலா என்று பார்க்க அவர் முகத்தைப் பார்த்தேன், இரண்டும் இருந்தது. டீ கொடுத்து அனுப்பினேன். உங்கப்பா ராத்திரிச் சாப்பாட்டில், "புள்ளைக்கு வந்த சான்ஸு, கண்ண மூடிக்கிட்டு வுடேன்" என்றார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வதென்றால் அதில் பார்க்கக்கூடாதது இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்றேன். மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நீ கட்டிக்கொள்ளப் போகிற அபிநயாவும் சேத்தியாத்தோப்பில் இருந்து போன் செய்தாள். கம்பெனி அவளுக்குக் கொடுத்த அரக்குப் பட்டைக் கட்டுவதா வேண்டாமா என்று பாவம் பயந்துகொண்டே கேட்டாள். "சேலை நல்லாத்தான் இருக்கு அத்தே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிக்கோம்மா, சேலை ஒரு தப்பும் பண்ணலை என்று சொன்னேன். நெய்தவன் கைக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லை. அந்தப் பெண்ணிடம் உண்மை பேசப் பழகிக்கொள், அவள் உன்னைவிடத் தெளிவாக இருக்கிறாள்.

உன்னிடம் கடைசியாகப் பேசியபோது, படத்தை மாடியில் ஏற்றலாமா என்று நீ கேட்டாய், நான் ஒரு நிபந்தனை போட்டேன். படத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வா, தவமலர் மெஷினுக்கு எதிரே உட்கார், நீயே காட்டு, நீயே கேள், அவள் சரி என்றால் நானே ஏணி ஏறி மாட்டுகிறேன் என்றேன். என்னமோ பெரிய நியாயம் பேசிவிட்டதாக எனக்கே ஒரு நினைப்பு. நீ போனை வைத்துவிட்டாய், இன்றுவரை வரவில்லை. நேற்று மத்தியானம் தவமலர் அபிநயாவின் முகூர்த்த பிளவுஸுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அவன் வந்து உன்னைக் கேட்பான் பார் என்று அவளிடம் சொன்னேன். ஊசியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"தம்பியை இதுக்கெண்டு வரச் சொல்லாதேங்கோ அக்கா. வந்து கேட்டால் நான் ஓம் எண்டு சொல்லிப்போடுவன்."

ஏன் என்று கேட்டேன்.

"கலியாண வீடு. மாப்பிள்ளை முன்னால வந்து நிண்டு கேக்கேக்க, இல்லை எண்டு என்ர வாயால வராது."

நமக்கும் அதே வழக்கம்தான் தினேஷ். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. அரிசி தீர்ந்தால்கூட நிறைஞ்சிருக்கு என்று சொல்லித்தான் வாங்கி வரச் சொல்வோம். தாலி ஏறுகிற சமயத்தில் கம்பெனிக்காரன் படத்தோடு நீ அவள் முன்னால் போய் நின்றால், அவள் தன் அம்மாவின் சேலையை இரண்டாவது முறையும் வெட்டிக் கொடுத்துவிடுவாள். உனக்காக. உன் முகம் வாடக்கூடாது என்பதற்காக. நீ அந்தச் சம்மதத்தை எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவாய். நான் போட்ட நிபந்தனை எவ்வளவு முட்டாள்தனம் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னிடம் இரண்டு இடத்தில் வேண்டாம் என்று சொல்ல முடிந்தவளுக்கு உன்னிடம் சொல்ல முடியாது. மறுக்க முடியாதவரிடம் போய்க் கேட்பதற்குப் பெயர் கேட்பது இல்லை. உன் தொழிலில் நாளைக்கு எத்தனையோ பேர் முகத்துக்கு முன்னால் கேமராவைத் தூக்குவாய். கேட்டுத்தானே எடுத்தேன் என்று சொல்வதற்கு முன்னால், அந்த ஆளுக்கு மறுக்க வழி இருந்ததா என்று பார்.

அதனால் நிபந்தனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கேட்க வராதே. மாப்பிள்ளையாக வா. இந்தக் கம்பெனி போனால் போகட்டும், வேறு கம்பெனி வரட்டும், வராவிட்டால் கல்லாவில் என் பக்கத்து நாற்காலி இருக்கிறது. என் மேல் கோபமாகவே வா, கோபத்தோடு சாப்பிட உனக்குச் சின்ன வயதிலிருந்தே வரும். பந்தியில் தவமலர் பரிமாறுவாள். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடாதே, அவள் முகத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் குழம்பு கேள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை அவளிடம் எடுக்காதே. மார்கழித் தேர் நம் கடையைத் தாண்டிப் போகும்போது மாடியில் அந்தச் சட்டம் வெறுமையாக நிற்கும், ஏன் காலியாக இருக்கிறது என்று நாலு பேர் கேட்பார்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அவளால் சொல்ல முடியாத அந்தச் சொல்லை நான் சொல்லலாம். நான் இந்த வீட்டுக்காரி, மாப்பிள்ளையைப் பெற்றவள். கல்யாண வீட்டில் சொல்லக்கூடாத சொல்லைச் சொன்ன பாவம் என் தலையில் விழட்டும். உன் படத்தை என் மாடியில் ஏற்றலாமா என்று கேட்டாய்.

இல்லை.

அம்மா